ஊரின் சத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

“கிராமத்தில் எடுக்கிற படத்துக்கு டப்பிங்தான் சரிப்படும். லைவ் சவுண்ட் எல்லாம் நம் ஊருக்கு ஆகாது.” தமிழ்த் திரைத்துறையில் கொஞ்ச காலம் புழங்கிய எவரும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருப்பார்கள். மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. காரணங்கள் வரிசையாக வந்து விழும். ஊரில் சத்தம் அதிகம். கூட்டத்தை அடக்க முடியாது. வெறும் வேட்டி துண்டோடு நிற்கிறவன் உடம்பில் மைக்கை எங்கே ஒளிப்பது? கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. நேரமும் பணமும் போகும். கடைசியாக, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

இவற்றில் ஒன்றிரண்டில் உண்மை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கூட்டி ‘ஆகாது’ என்று முடிப்பது தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் படம் எடுப்பவர்கள் அல்ல. எந்த ஊரில் கேமராவை நிறுத்துகிறார்களோ அந்த ஊர்க்காரர்கள்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரை வைத்தே பேசுவோம். பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய வட்டாரம் இது. 1934இல் கட்டி முடித்த அணை. 120 அடி நிரம்பினால் நாகமரை, ஒட்டனூர் கரைகளில் தண்ணீர் ஏறி நிற்கும். வற்றினால் நேற்று தண்ணீர் நின்ற இடத்தில் இன்று ஏர் ஓடும். அக்கரை சேலம் மாவட்டம். சனங்கள் படகேறிப் போய்வருகிறார்கள். வடக்கே ஒகேனக்கல். 1992இல் வந்த ‘ரோஜா’வின் பாடல் காட்சி உட்பட எத்தனையோ படப்பிடிப்புகளை அந்த அருவி பார்த்துவிட்டது. அருவியை எடுத்துப் போனவர்கள் நிறையப் பேர். இந்தப் பக்கத்து மனிதர்கள் பேசுகிற பேச்சை, அவர்கள் வாயிலிருந்தே, அவர்கள் மண்ணிலேயே பதிவு செய்து எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்?

முதலில், டப்பிங்தான் நம் மரபு என்ற எண்ணத்தைப் பார்ப்போம். அது மரபே அல்ல. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. அதை எடுத்த அர்தேஷிர் இரானிக்கு ஒலிபுகாத அரங்கம் இல்லை. ஸ்டுடியோவின் பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் ரயில் ஓயாது. எனவே ரயில்கள் அடங்கும் நடு இரவுக்கு மேல் படமெடுத்தார்கள். கேமராவின் கண்ணில் படாத இடங்களில், நடிகர்களுக்கு அருகே, மைக்குகளை ஒளித்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ வந்தது. தமிழின் முதல் பேசும் படம். ஆலம் ஆராவுக்குப் போட்ட அரங்கிலேயே எடுத்தார்கள். டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். பின்னர் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டை ஆட்டிப்படைத்த வசனங்கள் பெரும்பாலும் அந்தந்தத் தளத்தில், அந்தந்த நடிகர் வாய் திறந்த நொடியிலேயே பதிவானவை.

ஆக, மைக்கை ஒளித்து வைப்பது வெளிநாட்டிலிருந்து நேற்று இறங்கிய ஆடம்பரம் அல்ல. நம் பேசும் படத்தின் வயதுதான் அதற்கும்.

டப்பிங் பிறகு வந்தது. அதற்கு அன்று நியாயமும் இருந்தது. 1970களில் கதைகள் ஸ்டுடியோவை விட்டு வயல்வெளிக்குப் போயின. 1977இல் ‘16 வயதினிலே’ அந்தக் கதவை அகலத் திறந்தது. தூக்கிக்கொண்டு ஓட வசதியான கேமரா அரிஃப்ளெக்ஸ் டூ சி. அது ஓடும்போது தையல் மெஷின் போலச் சத்தம் போடும். அதை மூடி அடக்கும் உறையைப் போட்டால் கேமராவைத் தூக்க முடியாது. சத்தமே இல்லாத கேமராக்கள் விலை கூடியவை. அதனால் குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி வெறும் பைலட் ட்ராக் ஆயிற்று. டப்பிங் தியேட்டரில் நடிகருக்கு ஞாபகப்படுத்த மட்டும் உதவும் ஒலி அது. வறுமையும் வசதியும் சேர்ந்து எடுத்த முடிவு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கேமரா போய்விட்டது. ஃபிலிமும் போய்விட்டது. இன்று ஏரியூருக்கு வரும் டிஜிட்டல் கேமரா ஓடுவது பக்கத்தில் நிற்பவருக்கே அவ்வளவாகக் கேட்காது. வழக்கத்தை உண்டாக்கிய காரணம் செத்துப்போன பிறகும் வழக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது. இதற்குப் பெயர் மரபு என்றால் ஒப்ப மாட்டேன். பழகிப்போன சோம்பல்.

அடுத்து சத்தம். ஏரியூரில் சத்தம் உண்டுதான். எஞ்சின் படகு, போர் மோட்டார், கோயில் குழாய் ஒலிபெருக்கி, பள்ளிக்கூட மணி, நீர்ப்பரப்பின் மேல் தடையில்லாமல் வீசும் காற்று. ஆனால் நல்ல ஒலிப்பதிவு என்பது சத்தமே இல்லாத இடத்தைத் தேடிப் போவதல்ல. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்தான் விஷயம். தூரம் இரட்டிப்பானால் பேச்சு 6 டெசிபல் குறையும். சுற்றுச் சத்தம் குறையாது, இருந்தபடியே இருக்கும். நீண்ட கழியில் பிடிக்கும் ஒரு பூம் மைக் வாயிலிருந்து 80 சென்டிமீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். அதை விட்டு, 20 சென்டிமீட்டரில் நெஞ்சில் ஒளித்த லேப்பல் மைக்குக்கு வந்தால் பேச்சு 12 டெசிபல் கூடும். கரையில் இரண்டு பேர் நடந்து வர, கேமரா தூரத்தில் நின்று நீர்ப்பரப்பு முழுவதையும் பிடிக்கிறது என்றால் பூம் கிட்டேயே வர முடியாது. அங்கே ஒளித்த மைக் தவிர வேறு கதியில்லை. ‘இங்கே சத்தம் அதிகம்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் மைக்கைத் தூரத்தில் வைத்துவிட்டு ஊர் மேல் பழி போடுகிறார்.

ஒளிப்பது எப்படி? ‘வேட்டி துண்டுக்காரனிடம் இடமே இல்லை’ என்பார்கள். இடம் தேடாதவர்களுக்கு இடம் இல்லை. நாகமரைக் கரையில், சட்டை போடாத ஒரு கிழவர் படகுக்காகக் காத்து நின்று பக்கத்துப் பெண்ணிடம் பேசுகிறார் என்று ஒரு காட்சி. கிழவரின் தலையில் முண்டாசு இருந்தால் நெற்றிக்கு மேல் வரும் மடிப்பில் மைக்கின் தலை உட்காரும். வயர் முண்டாசுக்குள் சுற்றி, பின்கழுத்து வழியாக, தோளில் கிடக்கும் துண்டின் அடியில் இறங்கி, இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். முண்டாசு இல்லையென்றால் துண்டின் ஓரத்தையே உள்ளே மடித்து, மார்புக்கு நேராக வைக்கலாம்.

அந்தப் பெண் பருத்திச் சேலையில் இருக்கிறாள். ரவிக்கையின் கொக்கிப் பட்டைக்கு உள்ளே, மார்பெலும்பு மேட்டுக்குச் சற்று மேலே வைக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து இரண்டு செய்துகொள்ள வேண்டும். அவற்றின் நடுவே மைக்கை வைத்து, ஒரு பக்கத்தைத் தோலிலும் மறுபக்கத்தைத் துணியிலும் ஒட்டினால் துணி மைக்கின் மேல் உரசாது, இரண்டும் சேர்ந்தே அசையும். வயரில் சின்னதாக ஒரு வளையம் விட்டு ஒட்டினால் கீழே இழுபடும் அதிர்வு மேலே ஏறாது. முந்தானை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து மறுபக்கம் வைக்க வேண்டும். தலை நிறையப் பூ வைத்த பாத்திரமென்றால் நெற்றியோரக் கூந்தலும் பூச்சரமும் சேர்ந்து ஒளிவிடம் தரும். படகுக்குள் பேசுகிறார்களா? ஓரப் பலகையின் அடியில் ஒன்று, மீன் கூடைக்குள் ஒன்று. டீக்கடையென்றால் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கவனம் வேண்டும், முன்கூட்டிய பேச்சு வேண்டும். பருத்தி பேசாது, பட்டும் பாலியஸ்டரும் சரசரக்கும், கஞ்சி போட்ட வேட்டியும் சரசரக்கும். காஸ்ட்யூமரிடம் ஒரு வாரம் முன்னால் சொன்னால் தீர்கிற விஷயம். வியர்வை மைக்கின் வாயை அடைக்கும். மதிய வெயிலில் ஒன்று ஈரமானால் மாற்ற இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு மைக் பொருத்துவது பெண் உதவியாளராக இருக்க வேண்டும், மறைவான இடத்தில், கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு. ஊர்ப் பெண்கள் நடிக்கிற படத்தில் இது கட்டாயம். ‘பெண்கள் கூச்சப்படுவார்கள், அதனால் லேப்பல் வேண்டாம்’ என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு பெண்ணை ஒலிக் குழுவில் வேலைக்கு எடுத்தால் முடிகிற பிரச்சினையை ஏன் ஊர்ப் பெண்கள் தலையில் கட்டுகிறீர்கள்?

கூட்டத்தை அடக்க முடியாது என்ற வாதத்தில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. படப்பிடிப்பில் அதிகம் சத்தம் போடுவது யூனிட்தான். ஜெனரேட்டர் வேன் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். டேக் ஓடும்போதே டைரக்டர் மைக்கில் ‘இன்னும் கொஞ்சம் திரும்புங்க’ என்பார். உதவி இயக்குநர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ப்ராம்ப்ட் கொடுப்பார். அவர் சொல்லச் சொல்ல நடிகர் வாயசைப்பார். டப்பிங் இருக்கிற தைரியத்தில் வளர்ந்த பழக்கங்கள் இவை. நேரடி ஒலிப்பதிவு என்றால் நடிகர் வசனத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். டைரக்டர் ஒத்திகையில் பேசி முடித்துவிட வேண்டும். ஜெனரேட்டர் தூரமாகப் போக வேண்டும். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை, காரணத்தைச் சொல்லி மரியாதையாகக் கேட்டால் ஒத்துழைப்பார்கள். அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு அதற்கான நஷ்டத்தைக் கொடுத்தால் நிறுத்துவார்கள். படகுக்காரர்களிடம் நேரம் கேட்டு அதற்கேற்ப ஷாட் வைத்தால் போதும்.

நடக்காது என்கிறவர்களுக்கு நடந்தவற்றைக் காட்டுகிறேன். ‘லகான்’ கட்ச் பகுதியின் பொட்டல் வெளியில், ஆயிரக்கணக்கான கிராமத்தினரைக் கூட்டமாக நிறுத்தி எடுத்த படம். நேரடி ஒலிப்பதிவு. நகுல் காம்தேவும் எச். ஸ்ரீதரும் அதற்காகத் தேசிய விருது வாங்கினார்கள். 2004இல் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ நேரடி ஒலியில் வந்தது. மும்பையில் தாராவி போன்ற இடங்களின் சந்துகளில் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ 2009இல் ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டிக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. தாராவியை விடவா நாகமரையில் இரைச்சல்? 2024இல் பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ பின்னணி இசையே இல்லாமல் வந்தது. நடிகர் சூரியின் கட்டிப்போன தொண்டையும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோவும், வழியில் நிற்கிற மனிதர்களும்தான் அதன் இசை. அந்தத் தொண்டையை டப்பிங் தியேட்டரின் குளிர் அறையில் மறுபடி கட்ட வைத்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

பணம், நேரம். நேரடி ஒலிக்குப் படப்பிடிப்பில் கூடுதல் நேரம் ஆகும் என்பது உண்மை. ஒலிக் குழுவுக்கும் கருவிகளுக்கும் வாடகை ஆகும் என்பதும் உண்மை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டாமா? டப்பிங் தியேட்டர் வாடகை, கலைஞர்களின் கால்ஷீட், வேறு படத்துக்குப் போய்விட்ட நடிகருக்காகக் காத்திருக்கும் வாரங்கள், குரலை எடுத்துவிட்டதால் காலடி முதல் வளையல் வரை எல்லாவற்றையும் மறுபடி செயற்கையாக உண்டாக்கும் செலவு. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்வது கணக்கு அல்ல.

‘இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் சுத்தம் செய்துவிடலாம்’ என்று புதிதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட மென்பொருள்கள் உதவத்தான் செய்கின்றன. ஆனால் தூரத்திலிருந்து எடுத்த குரலில் அவை இரைச்சலை உரிக்கும்போது மூச்சையும் சேர்த்து உரித்துவிடுகின்றன. கிட்டத்தில் எடுத்த குரலுக்குத்தான் அந்தச் சுத்தம் பயன்படும்.

கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது என்கிறீர்கள். அது நடிகர் தேர்வில் நீங்கள் எடுத்த முடிவு. ஒருவருக்கு மொழி தெரியவில்லை என்பதற்காகப் படத்தில் பேசுகிற மற்ற நாற்பது பேரின் குரலையும் எடுத்துவிட வேண்டுமா? அவர் ஒருவருக்கு மட்டும் டப்பிங் செய்யுங்கள். அதற்கும் தளத்தில் சுத்தமாக எடுத்த ஒலி இருந்தால் டப்பிங் கலைஞருக்கு எவ்வளவு உதவி என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். டப்பிங் கலைஞர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முன்பின் பார்க்காத முகத்துக்குள் புகுந்து அழவும் சிரிக்கவும் அவர்களால் முடிகிறது. மொழிமாற்றுப் படங்கள் பெருகியிருக்கிற இந்தக் காலத்தில் அந்தக் கலைக்கு வேலை குறையாது. அது ஒரு கலை. அதை எல்லாப் படத்துக்கும் எல்லா வாய்க்கும் போடும் மூடியாக ஆக்கியதுதான் குற்றம்.

ஒகேனக்கல் அருவியின் அடியில் நின்று பேசும் காட்சியையும் நேரடியாக எடுத்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சில காட்சிகள் முடியாது. அப்போதும் டப்பிங் தியேட்டர்தான் வழி என்பதில்லை. ஷாட் முடிந்த கையோடு, பாறை மறைவில் ஓர் அமைதியான இடத்தில், நடிகரின் தொண்டை இன்னும் சூடாக இருக்கும்போதே, வசனத்தை மட்டும் இரண்டு மூன்று முறை பேச வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். மூன்று மாதம் கழித்துச் சென்னையில் பேசுவதை விட அது நூறு மடங்கு மேல்.

இனி, ‘பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது’ என்ற கடைசிக் கோட்டை. 2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். நேரடி ஒலிப்பதிவுப் படங்களுக்கு மட்டுமே உரிய விருதை ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூகோஸே, அது டப்பிங் செய்த படம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ரசூல் பூக்குட்டியும் இதைச் சுட்டிக்காட்டினார். ‘பார்த்தீர்களா, நடுவர்களுக்கே தெரியவில்லை’ என்று டப்பிங் கட்சிக்காரர்கள் இதை ஆதாரமாகத் தூக்கிவருகிறார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஒரே விதமான குரலைக் கேட்டுப் பழகிய காது, வேறு குரல் இருக்கிறது என்பதையே மறந்துவிடும். தேர்ந்த நடுவர்களுக்கே இந்தக் கதி என்றால் இழப்பு ஆழமானது என்றுதான் பொருள். காதைப் பழக்கிக் கெடுத்தவர்களே, கெட்ட காதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இழப்பு என்றேன். அது எது என்று சொல்லிவிடுகிறேன், இந்த வாதம் முழுவதும் அதற்காகத்தான். கிராமத்துப் படத்தில் நடிக்கும் உள்ளூர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஆடு மேய்க்கிறவர், மீன்வலை காயப்போடுகிறவர், சந்தையில் கிழங்கு விற்கிற பாட்டி. இயக்குநர் அவர்களின் முகத்துக்காக அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்களும் நன்றாகப் பேசி நடிக்கிறார்கள். படம் முடிந்ததும் அவர்களைச் சென்னைக்குக் கூப்பிட்டு, கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, திரையில் தெரியும் தங்கள் வாயசைவுக்குச் சரியாகத் திரும்பப் பேசச் சொன்னால் பழக்கமில்லாத எவரும் திணறுவார்கள். பலரைக் கூப்பிடுவதே இல்லை. வேறொருவர் அந்த முகத்துக்குப் பேசிவிடுகிறார். அவர் பேசுவது எந்த ஊர்ப் பேச்சு? சினிமாவுக்கென்று உருவான பொதுவான ‘கிராமத்துத் தமிழ்’. பெரும்பாலும் தெற்கத்திச் சாயல். தருமபுரி தமிழோடு கன்னடமும் தெலுங்கும் அன்றாடம் உரசிப் புழங்குகிற மாவட்டம். ஏரியூர்க்காரரின் இழுவை வேறு, வாக்கியத்தை இறக்கி முடிக்கும் விதம் வேறு, பேச்சின் நடுவே விடும் இடைவெளி வேறு. அந்த ஏற்ற இறக்கத்தை எழுத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த வாயிலிருந்து, அந்த நொடியில்தான் எடுக்க முடியும்.

தன் முகத்தைத் திரையில் பார்க்கிற ஒரு பாட்டி, அதிலிருந்து வேறு ஏதோ ஊர்க்காரரின் குரல் வருவதைக் கேட்கிறாள். முகம் அவளுடையது, பேச்சு அவளுடையதல்ல. நிலத்தையும் முகத்தையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாயை மட்டும் வேண்டாமென்று திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம்? தமிழ் சினிமா ஊர்களுக்குப் போய் ஐம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இத்தனை காலத்தில் எத்தனை வட்டாரங்களின் பேச்சு ஒலியாகப் பதிவாகி, நாளை கேட்க மிஞ்சியிருக்க வேண்டும்! மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம் ஒலிக்கூடங்களின் குரல்.

ஆகவே இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் என் கோரிக்கைகள் இவைதான். இடம் பார்க்க வரும்போது கேமராமேனோடு ஒலிப்பதிவாளரையும் அழைத்து வாருங்கள். அவருக்கு எழுதும் சம்பளத்தைக் கடைசியில் வெட்டுகிற பட்டியலில் வைக்காதீர்கள். உடை தைக்கும் முன் அவரைக் கேளுங்கள். ஒலிக் குழுவில் பெண்களை வேலைக்கு எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யக் கொடுங்கள். பேசும் காட்சிகளை நேரடியாக எடுப்பதை விதியாக வையுங்கள், டப்பிங்கை விலக்காக வையுங்கள். முக்கியமாக, ஊர்க்காரர் பேசுகிற ஒரு வரியாக இருந்தாலும் அவர் உடம்பிலும் ஒரு மைக்கை ஒளித்து வையுங்கள். கதாநாயகனுக்கு மட்டும் நல்ல மைக், மற்றவர்களுக்கு மிச்சம் என்பது நேரடி ஒலிப்பதிவிலும் வேண்டாம்.

ஏரியூரில் சத்தம் இருக்கிறது, இனியும் இருக்கும். அது பேச்சைப் பதிவு செய்யத் தடை அல்ல. விரல்நுனி அளவு மைக், நாலு துண்டு டேப், ஒழுங்கான யூனிட், ஊர் மேல் மரியாதை ஆகிய நான்கும் இருந்தால் இங்கே எடுக்க முடியாத வசனம் அபூர்வம். இவ்வளவு இருந்தும் டப்பிங்தான் வழி என்று சொல்கிறவர்கள் இனி ஊரைக் காரணம் காட்ட வேண்டாம். ‘எங்களுக்கு அந்தக் குரல்கள் தேவையில்லை’ என்று நேராகச் சொல்லட்டும். அதற்கான பதிலை ஊர் சொல்லும்.